கெட்டுப்போகாத டிஸ்க்

ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்து ஓர் ஆள் செத்துப்போன மறுநாள் காலை, லூயிஸ் மாமா ஜெனிபருக்குப் போன் செய்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க் மாற்ற வேண்டும், புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பி வா என்றார். குரல் கம்மியிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து ஒன்பது வருடமாகிறது ஆரோக்கிய ஜெனிபருக்கு. முப்பத்திமூன்று வயது. அம்மா ரோசியோடு இருக்கிறாள். அப்பா போட் மெக்கானிக்காக இருந்தவர். இவளுக்குப் பதினொரு வயதாகும்போது மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது ரோசியின் தம்பி லூயிஸ்தான். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் அவர் பெயர்தான் இருக்கும். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்று சொல்லி, விண்ணப்பம் வாங்கிவந்து நிரப்பியவரும் அவரே. முதுநகர் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற அந்த ஐஸ் கம்பெனியில் இருபது வருடமாக மேனேஜர். கம்பெனியில் கம்ப்யூட்டர் வாங்கியது, கேமரா மாட்டியது எல்லாவற்றுக்கும் ஜெனிபரைத்தான் கூப்பிடுவார். அதனால் அன்றைக்கும் அவள் வேறொன்றும் யோசிக்கவில்லை. ஒரு டெராபைட் டிஸ்க் ஒன்றையும் டூல்ஸ் பையையும் எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கம்பெனி வாசலில் இறங்கும்போதே மூக்கு எரிந்தது. கேட் பாதி சாத்தியிருந்தது. எப்போதும் ஐஸ் பாரை இழுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும் வடக்கத்திப் பையன்கள் ஒருவரும் இல்லை. எல்லோரையும் காலை ரயிலில் ஊருக்கு அனுப்பியாகிவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார்.

செத்துப்போனவன் பெயர் இளவரசு. குமராட்சிப் பக்கத்து ஆள். கம்பெனியிலேயே தங்கி, வாரத்துக்கு ஒருமுறை சிதம்பரம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்வருவான். ஒருமுறை கேமரா ஒயர் இழுக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான் என்று ஜெனிபருக்கு மங்கலாக நினைவிருந்தது.

லூயிஸ் ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யாமல் வெளுத்திருந்தது. கேமரா பதிவாகிற டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டு, பழையது கெட்டுப்போய்விட்டது என்றார்.

ஜெனிபர் கம்ப்யூட்டரை அணைத்து, கேபினெட்டைத் தரையில் படுக்கவைத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே உப்புக்காற்றின் பிசுக்கோடு தூசி படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டித் துடைத்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஓடுவது ஒரு சின்ன எஸ்எஸ்டியில். ஆறு கேமராக்களின் பதிவும் போய்ச் சேர்வது தனியாக மாட்டிய ஒரு பெரிய டிஸ்க்கில். அந்தப் பெரிய டிஸ்க்குக்குக் கீழே இன்னொரு தட்டு காலியாக இருந்தது. புது டிஸ்க்கை அதில் தள்ளி, இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாக நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள். டேட்டா கேபிளை மதர்போர்டில் சொருகி, பவர் ஒயரையும் இணைத்தாள். பழையதைக் கழற்றவில்லை. கெட்டுப்போன டிஸ்க்காக இருந்தாலும் எடுக்க முடிந்த பதிவை எடுத்துப் புதியதில் போட்டுத் தருவது அவள் வழக்கம்.

கம்ப்யூட்டரைப் போட்டாள். இரண்டு டிஸ்க்கும் வரிசையாகத் தெரிந்தன. பழையதின் நிலைமையைச் சோதித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. ஒரு செக்டார்கூடக் கெட்டிருக்கவில்லை. இன்னும் நாலைந்து வருடம் தாராளமாக ஓடும்.

லூயிஸ் போன் பேச வெளியே போயிருந்தார். பதிவு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் அவள் கடைசி நாளின் ஃபைலைத் திறந்தாள். நேற்றைய தேதி. இயந்திர அறைக்கு வெளியே இருக்கும் மூன்றாவது கேமரா. மூலையில் காலை பதினொன்று பன்னிரண்டு என்று மணி ஓடியது.

படத்தில் சத்தமில்லை. கதவிடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து கேட் பக்கம் நின்றார்கள். இளவரசுவும் அவர்களோடுதான் நின்றான். குனிந்து இருமிக்கொண்டிருந்தான். அப்போது லூயிஸ் படத்துக்குள் வந்தார். எதையோ சொன்னார். வால்வைத் திருகுவதுபோலக் கையைச் சுழற்றிக் காட்டினார். இளவரசு தலையை ஆட்டி மறுத்தான். லூயிஸ் அவன் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டு, மறுபடியும் கையைக் காட்டினார். அவன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். கதவுக்கு முன்னால் ஒரு நொடி நின்றான். பிறகு உள்ளே போனான்.

மணி பதினொன்று பதினாறு ஆனது. பதினெட்டு ஆனது. யாரும் வெளியே வரவில்லை. லூயிஸ் இரண்டு தடவை கதவருகே ஓடுவதும் முகத்தை மூடிக்கொண்டு திரும்புவதுமாக இருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டு ஜெனிபர் அதை மூடினாள். லூயிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அரை நிமிச வேலை பாப்பா. வால்வ மூடிட்டு வந்துடுவான்னுதான் நெனச்சேன்" என்றார். "மொதலாளி போன்ல கத்திக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல பூரா வீடு. கேஸு ஜாஸ்தியாச்சின்னா என்னா ஆவும்னு எனக்கு ஒண்ணும் ஓடல."

"மாஸ்க்கு இல்லியா மாமா?"

"இருந்துச்சி. ஃபில்டரு போயி ரெண்டு வருசம் ஆவுது."

பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். சாயங்காலம் போலீஸ் வந்து பதிவைக் கேட்கும். எச்சரித்தும் கேட்காமல் அவனாகவே உள்ளே போய்விட்டான் என்று நேற்றே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. டிஸ்க் முன்பே கெட்டுப்போயிருந்தது, எதுவும் பதிவாகவில்லை என்று கடை லெட்டர்பேடில் அவள் ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தால் போதும். பழைய டிஸ்க்கை ஒன்றும் மிஞ்சாமல் அழித்துவிட வேண்டும்.

ஜெனிபர் முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். லூயிஸ் வற்புறுத்தவில்லை. மேஜைமேல் கையை ஊன்றி முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் அழுது அவள் பார்த்ததே கிடையாது. அப்பாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதுகூட அழாதவர். அறுபதை நெருங்குகிற வயதில் ஜெயிலுக்குப் போனால் அங்கேயே செத்துப்போவேன் என்றார். உங்கம்மா தாங்குவாளா என்று கேட்டார். செத்தவன் செத்துவிட்டான், இனி யார் போய் அவனைக் கூட்டிவர முடியும் என்றார்.

ஜெனிபர் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, முழுவதையும் அழிக்கிற ஃபார்மட்டைக் கொடுத்தாள். மேலோட்டமான ஃபார்மட் என்றால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் தெரிந்தவன் கையில் கிடைத்தால் பதிவை மீட்டுவிடுவான். இது அப்படியில்லை. டிஸ்க்கின் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பூஜ்யத்தை எழுதிக்கொண்டே வரும். ஒரு டெராபைட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டு மணி நேரமும் அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு சதவீதம், பன்னிரண்டு சதவீதம் என்று எண் ஏறியது. நிறுத்த ஒரு பொத்தான் போதும். லூயிஸ் டீ வாங்கிவந்து வைத்தார். அது ஏடு கட்டி ஆறிப்போனது. முப்பது சதவீதத்தில் அவள் மவுஸைத் தொட்டாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள். அறுபதைத் தாண்டிய பிறகு, இனி நிறுத்தியும் என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூறு வந்ததும் ஸ்க்ரூவைக் கழற்றி, டிஸ்க்கை லூயிஸின் கையில் கொடுத்தாள். அவர் அதை வெளியே கொண்டுபோனார். சுத்தியல் சத்தம் கேட்டது. அவள் லெட்டர்பேடை எடுத்து, "ஹார்ட் டிஸ்க் பழுது. பதிவுகளை மீட்க இயலாது" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். புது டிஸ்க்குக்கு டிரைவ் எழுத்து ஒதுக்கி, கேமராப் பதிவு அதில் விழும்படி மாற்றிவிட்டுக் கேபினெட்டை மூடினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். கையில் மஞ்சள் பை. கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றாள். ஜெனிபர் போய்த் திறந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினாள் அந்தப் பெண். ஜெனிபர் எழுதிய ரிப்போர்ட் அது.

"நான் தமிழ்ச்செல்வி. ஐஸ் கம்பெனியில எறந்துபோனாரு இல்ல இளவரசு, அவுரு சம்சாரம்" என்றாள்.

சண்டை போட அவள் வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர்க்காரர், உடைந்த டிஸ்க்கில் இருந்துகூடப் படத்தை எடுக்கலாம், பெங்களூரில் செய்கிறார்கள் என்று சொன்னாராம். அந்த டிஸ்க்கைக் கடைசியாகக் கையில் எடுத்துப் பார்த்தவர் நீங்கள்தான் என்பதால் உங்களையே கேட்கலாம் என்று வந்தேன் என்றாள். அவனாகவே உள்ளே போனான் என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். ஊரில் அதற்கும் மேலே போய், குடித்துவிட்டுத்தான் போயிருப்பான் என்று பேசுகிறார்கள். அவர்கள் வடலூர் சன்மார்க்க சபைக்குப் போகிற குடும்பம். வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. தைப்பூசத்துக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் தருமசாலைப் பந்தியில் சாப்பிட்ட இலை எடுக்கப் போவான் அவள் புருஷன்.

"அவுரு குடிக்கிற ஆளு இல்ல மேடம். அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றாள்.

ஜெனிபர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்க முடியாதுங்க என்று சொன்னாள். சொன்னது உண்மைதான். தமிழ்ச்செல்வி சரி என்று தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். வெயிலில் இறங்கிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜெனிபருக்கு இரண்டு வரிசை முன்னால் லூயிஸ் மண்டியிட்டிருப்பார். நற்கருணை வாங்க அவர் எழுந்துபோவார், இவள் போவதில்லை. ஏன் என்று ரோசி கேட்டதற்கு, உடம்புக்கு முடியவில்லை என்றாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, தன் முறை வரும்போது விலகி வெளியே வந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை வந்தது. அவர்களுடைய கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. இரண்டு புது டிஸ்க் மாட்டிப் பழையதிலிருந்து எல்லாவற்றையும் அவற்றுக்கு மாற்ற வேண்டும். மதியத்துக்குள் இரண்டையும் மாட்டிவிட்டாள். பழையதைக் கையில் எடுத்தபோது, அங்கே வேலை செய்கிற பொன்னி என்கிற பெண் எட்டிப்பார்த்து, இதில் இருப்பதெல்லாம் ஒன்றுகூடப் போகாமல் வந்துவிடுமா, எல்லாம் நோயாளிகளுடையது என்று கவலையோடு கேட்டாள். வந்துவிடும், நான் பொறுப்பு என்றாள் ஜெனிபர். எல்லாம் மாறியபின், ஒன்றுகூட விடுபடவில்லையே என்று ஒவ்வொரு ஃபைலாக இரண்டு தடவை சரிபார்த்தாள்.

வேலை முடிந்ததும் கடலூர் பஸ்ஸில் ஏறாமல் குமராட்சி மினிபஸ்ஸில் ஏறினாள்.

வயலெல்லாம் தண்ணீர் நின்றது. விசாரித்துக்கொண்டு போனாள். தமிழ்ச்செல்வி வாசலில் நனைந்த வைக்கோலைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. படம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டேதான் ஜெனிபர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. நின்றுகொண்டே சொன்னாள். டிஸ்க் நன்றாக இருந்தது, அதில் தான் கண்டது, லூயிஸ் தனக்கு யார், தான் என்ன செய்தாள் என்று ஒன்றையும் விடவில்லை.

உள்ளேயிருந்து மாமனார் ராஜமாணிக்கம் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாட்டேன்னு சொன்னாரா அவுரு?" என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

"தலைய ஆட்டுனாரு. மாட்டேன்னுதான் ஆட்டுனாரு."

"அப்பறமும் போவச் சொன்னாங்களா?"

"ஆமா."

தமிழ்ச்செல்வி கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள்.

"அழிக்க எம்மா நேரம் ஆச்சின்னு சொன்னீங்க?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரமும் அங்கியே ஒக்காந்து இருந்தீங்களா?"

ஜெனிபர் ஆமாம் என்றாள். தமிழ்ச்செல்வி அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. என்னிடம் சொன்னதை நாளைக்கு ஆபீசரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இளவரசுவின் சாவை விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரி முன் ஜெனிபர் வாக்குமூலம் கொடுத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஃபைலிலிருந்து அவள் எழுதிய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே? அன்னிக்கி எழுதுனது பொய்யா, இன்னிக்கி சொல்றது பொய்யா?"

"அன்னிக்கி எழுதுனதுதான் பொய் சார்."

"இன்னிக்கி சொல்றதுக்கு என்ன ஆதாரம்?"

அவளிடம் ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அழித்தவள் அவள்தான். வடக்கே போன தொழிலாளிகளின் போன் நம்பர்கள் எதுவும் வேலை செய்யவில்லை. வாட்ச்மேன் எதையும் பார்க்கவில்லை என்றார். சுத்தியலால் நொறுக்கின டிஸ்க் எங்கே போனது என்று தெரியவில்லை. கிடைத்திருந்தாலும் அதில் பூஜ்யங்கள்தான் இருந்திருக்கும்.

அவள் சொன்னதன்பேரில் நடந்தது ஒன்றுதான். சாட்சியத்தை அழித்ததாக ஒரு வழக்குப் பதிவானது. முதல் எதிரி லூயிஸ், இரண்டாம் எதிரி ஜெனிபர். லூயிஸ் பன்னிரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். ஜெனிபருக்கு உடனே ஜாமீன் கிடைத்தது. தனக்குத் தெரியாமல் மேனேஜர் செய்துவிட்டார் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு ஆளை வைத்துக் கம்பெனியைத் திறந்தார். சாவைப் பற்றிய விசாரணை அறிக்கையில் ஒரு வார்த்தையும் மாறவில்லை. முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிற ஒருவரின் சொல்லை ஆதாரமாகக் கொள்ள இயலாது என்று அதில் ஒரு வரி மட்டும் கூடியது. இளவரசு தன் கவனக்குறைவால் இறந்தவனாகவே இருந்தான்.

ரோசி மகளோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். ஒரே ஒருநாள்தான் வாயைத் திறந்தாள்.

"அவன் இல்லன்னா நம்ம ரெண்டு பேரும் தெருவுல நின்னுருப்போம். தெரிஞ்சிதான் செஞ்சியா?"

"தெரிஞ்சிதாம்மா."

"அப்ப மொதல்லியே செஞ்சிருக்கணும். எல்லாத்தயும் அழிச்சிக் குடுத்துட்டு அப்பறம் போயி சொன்னியே, அது யாருக்கு ஆச்சி?"

வழக்குள்ள கடை என்று ஆபீஸ் வேலைகள் நின்றுபோயின. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மட்டும் வந்தன. வந்ததைப் பார்த்தாள். கோர்ட்டுக்கு மாதம் ஒருமுறை போனாள். லூயிஸ் தூணோரம் நிற்பார். இவள் படிக்கட்டில் நிற்பாள். வாய்தா வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போவார்கள்.

வருடம் திரும்பியபோது தமிழ்ச்செல்வியிடமிருந்து போன் வந்தது. வர்ற வியாழக்கிழமை அவருக்குத் தெவசம், நீங்கள் வர வேண்டும் என்றாள். ஜெனிபர் தயங்கினாள்.

"கோர்ட்டுல எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்" என்றாள் தமிழ்ச்செல்வி. "எங்க தெருவுல வந்து சொல்லுங்க. எல்லாரும் இருப்பாங்க."

போனாள். வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். இளவரசுவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. ராஜமாணிக்கம் எழுந்து, இந்தப் பிள்ளை கொஞ்சம் பேசணும், கேளுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜெனிபர் நடுவில் போய் நின்றாள். அதிகாரியிடம் சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. அவர் வெளியே வந்து நின்றார், மறுபடியும் உள்ளே போகச் சொன்னார்கள், மாட்டேன் என்று தலையை ஆட்டினார், தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள், அனுப்பியவர் என் தாய்மாமா, நான் கண்ணால் பார்த்தேன், அந்தப் பதிவை அழித்ததும் நான்தான் என்றாள். அவர் நிதானமாகத்தான் நடந்துபோனார், குடித்தவர் நடை இல்லை என்றாள்.

யாரும் ஆதாரம் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உத்திராபதி என்கிற நடுவயது ஆள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வெளியே போனார். குடித்திருப்பான் என்று முதலில் பேசியவர் அவர்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு கிழவர் மட்டும் ஜெனிபரைப் பார்த்துக் காறித் துப்பினார். அவரை யாரும் தடுக்கவில்லை.

இலை போட ஆரம்பித்தார்கள். ஜெனிபர் ஓரமாக நின்றாள். தமிழ்ச்செல்வி அவளைத் தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இதுக்குத்தான் கூப்புட்டேன். சொல்லிட்டீங்க" என்றாள். "இனிமே வராதீங்க. ஒங்களப் பாக்க பாக்க அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்கு நெஞ்சுல ஓடுது."

ஜெனிபர் தலையசைத்தாள். தமிழ்ச்செல்வி திரும்பிப் பந்திக்குப் போனாள். சிதம்பரம் போகிற மினிபஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அங்கே நிற்க மனமில்லாமல், வாய்க்கால் கரையோடு அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து ஜெனிபர் நடக்கத் தொடங்கினாள்.